மலை மீட்புக் குழு: கூப்பிடும்போதும் காசு கொடுக்கும்போதும் செய்யும் தவறுகள்

ஸ்னோடன், ஸ்காஃபெல் பைக் என்று மலையேறக் கிளம்பும் தமிழர்கள் பிரிட்டனில் இப்போது நிறையப் பேர். அங்கே கால் முறிந்தோ வழி தவறியோ நின்றால் தேடி வருபவர்கள் அந்த வட்டாரத்துத் தன்னார்வலர்கள். அவரவர் வேலையையும் சாப்பாட்டையும் பாதியில் விட்டுவிட்டு, ஒரு பைசா சம்பளமில்லாமல் வருகிறார்கள். இதைத் தெரிந்துகொள்ளாததுதான் பாதித் தவறுகளுக்குக் காரணம்.

'பில் எவ்வளவு வருமோ' என்று தயங்குவது முதல் தவறு. ஆஸ்திரியாவிலும் சுவிட்சர்லாந்திலும் காப்பீடு இல்லாவிட்டால் செலவு நம் தலையில் விழலாம். பிரிட்டனில் மலை மீட்புக்குக் கட்டணமே கிடையாது. டிசம்பரில் நான்கு மணிக்கே இருட்டத் தொடங்கிவிடும் ஊரில், தயங்கித் தயங்கி ஐந்து மணிக்கு அழைத்தால் தேடுகிறவர்களுக்குத்தான் கூடுதல் ஆபத்து. அதற்காக, கால் வலிக்கிறது என்று டாக்ஸி மாதிரி கூப்பிடவும் கூடாது.

பிரிட்டனின் அவசர உதவி எண்ணான 999-ஐ அழைத்ததும் ஆம்புலன்ஸ் கேட்பது அடுத்த தவறு. போலீஸைக் கேளுங்கள், பிறகு 'மவுண்டன் ரெஸ்க்யூ' என்று சொல்லுங்கள். குழுவை வரவழைப்பது போலீஸ்தான். அதன்பின் உங்கள் போனுக்கு ஒரு லிங்க் வரலாம். மோசடிச் செய்தி என்று அழித்துவிடாதீர்கள். அதைத் தொட்டால்தான் நீங்கள் நிற்கும் இடம் குழுவுக்குத் தெரியும். இடம் தெரிவித்தபின் ஆபத்தில்லாத வரை நகரக் கூடாது. சித்தப்பா, அத்தை எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் நிலவரம் சொல்லி பேட்டரியைத் தீர்ப்பதும் வேண்டாம், குழு திரும்ப அழைக்கும்.

பேசும் அளவுக்கு சிக்னல் இல்லாதபோது 999-க்கு எஸ்எம்எஸ் அனுப்பலாம். ஆனால் 'ரெஜிஸ்டர்' என்று ஆங்கிலத்தில் அதே எண்ணுக்கு அனுப்பி முன்கூட்டியே பதிந்திருக்க வேண்டும். வீட்டில் இருக்கும்போதே செய்துவிடுங்கள். தொண்டை கிழியக் கத்துவதைவிட விசில் மேல்: ஒரு நிமிடத்தில் ஆறு முறை, ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு. பதிலாக மூன்று விசில் சத்தம் கேட்டாலும் ஆட்கள் வந்து சேரும்வரை நிறுத்தாதீர்கள்.

ஹெலிகாப்டரையே எதிர்பார்த்து வானத்தைப் பார்ப்பதும் வீண். கடலோரக் காவல் படையின் ஹெலிகாப்டர் மேகம் மூடினால் கிட்டே வர முடியாது. அப்போது ஸ்ட்ரெச்சரை ஆள் மாற்றி ஆள் தூக்கித்தான் இறக்குவார்கள்.

சரி, காசு விஷயம். கெஸ்விக், லான்பெரிஸ் போன்ற ஊர்களின் ஒவ்வொரு மீட்புக் குழுவும் தனித் தொண்டு நிறுவனம். கயிறு, வண்டி, ரேடியோ எல்லாம் பெரும்பாலும் நன்கொடையில் ஓடுகின்றன. குறிப்பிட்ட குழுவுக்குத்தான் கொடுக்க நினைத்தால் அதன் பெயரைப் பார்த்துக் கொடுங்கள். பிரிட்டனில் வரி கட்டுகிறவர் 'கிஃப்ட் எய்ட்' கட்டத்தில் டிக் செய்தால் ஒவ்வொரு பவுண்டுக்கும் 25 பென்ஸ் அரசிடமிருந்து கூடுதலாகக் குழுவுக்குப் போகும். பலர் அதைக் கவனிக்காமல் விடுகிறார்கள். ஆனால் சங்கத்தில் பத்துப் பேரிடம் வசூலித்த பணத்தை ஒருவர் தன் பெயரில் அனுப்பி டிக் செய்வது விதிமீறல். கிஃப்ட் எய்ட் சேர வேண்டுமென்றால் பத்துப் பேரும் தனித்தனியாக அனுப்புவது நல்லது.