கடிகாரம் சேர்க்க ஆசையா? முதலில் ரிப்பேர்க்காரரைப் பிடியுங்கள்

நான் போக்குவரத்துக் கழகத்தில் டைம் கீப்பர். புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று எழுதுவதுதான் வேலை. பதினொரு வருடம் அதையும் செல்போனைப் பார்த்துத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு விடுப்பு நாளில் காரைக்குடி போனேன். முனீஸ்வரன் கோவில் தெருவில் ஒரு பழைய சாமான் கடைச் சுவரில் பெண்டுலக் கடிகாரம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. 4,500 ரூபாய் என்றார், 3,800க்கு முடிந்தது. குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து சேர்ந்தேன்.

வீட்டில் மாட்டினால் நாலு நிமிடம் ஓடும், நின்றுவிடும். பெண்டுலத்தை ஆட்டிவிட்டால் மறுபடி நாலு நிமிடம். இப்படியே இரண்டு வாரம். கடைசியில் தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு விட்டேன். அந்தப் பாவத்தைப் பின்னால் சொல்கிறேன்.

புதிதாகச் சேர்க்கத் தொடங்குகிறவர்கள் எல்லோரும் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "எந்த வாட்ச் வாங்கலாம்?" அதற்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது: உங்கள் ஊரில் சாவி வாட்சைப் பிரித்துச் சேர்க்கத் தெரிந்தவர் யார்? பேட்டரி மாற்றுகிறவர் தெருவுக்கு ஒருவர் இருப்பார். உள்ளே இப்படியும் அப்படியும் ஆடி நேரத்தைக் காக்கும் பேலன்ஸ் வீலைத் தொடத் தெரிந்தவர் ஊருக்கு ஒருவர் இருந்தால் பெரிய விஷயம். எனக்குக் கிடைத்தவர் கடைவீதியில் ஒரு மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்திருக்கும் பாய். எழுபது வயதிருக்கும். கண்ணில் லென்ஸ் மாட்டியபடியே பேசுவார், அதனால் நம்மைப் பார்க்கிறாரா வாட்சைப் பார்க்கிறாரா என்று தெரியாது.

நல்ல ஆளைக் கண்டுபிடிக்க ஒரு வழி: நூறு, இருநூறு ரூபாய்க்கு ஓடாத சாவி வாட்ச் ஒன்றை வாங்கிக்கொண்டு போங்கள். உங்கள் கண் முன்னால் பின்மூடியைத் திறக்கிறாரா என்று பாருங்கள். மேசையில் பழைய வாட்ச்களின் உறுப்புகள் டப்பா டப்பாவாக இருந்தால் நல்ல அறிகுறி. "சர்வீஸ்னா என்ன பண்ணுவீங்க?" என்று கேளுங்கள். ஒவ்வொரு சக்கரமாகக் கழற்றிக் கழுவி, எண்ணெய் வைத்து மாட்டுவேன் என்றால் சரி. அப்படியே பெட்ரோலில் முக்கி எடுத்துத் தருகிறேன் என்றால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். முக்கியமாக, "இது என்னால முடியாது" என்று எதையாவது பார்த்துச் சொல்கிறவராக இருக்க வேண்டும். எல்லாம் முடியும் என்கிறவரிடம் எனக்குப் பயம்.

ஆள் கிடைத்தாயிற்றா? இப்போது முதல் வாட்ச். நான் யோசிக்காமல் சொல்வது எச்.எம்.டி. சாவி வாட்ச். 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து பெங்களூரில் தொடங்கிய தொழிற்சாலை அது. 2016-இல் மூடுவதற்கு மத்திய அரசு ஒப்புதல் கொடுத்துவிட்டது. அதற்குள் நாட்டில் பாதி வாத்தியார், கிளார்க்குகளின் கையில் ஏறிவிட்டது. நம் காரியத்துக்கு முக்கியம் பாசம் அல்ல, உதிரி பாகம். ஜனதா, பைலட் போன்ற மாடல்கள் பலவற்றிலும் 0231 என்ற எண்ணுள்ள ஒரே இயந்திரம்தான் இருக்கும். அச்சுகள் தேயாமல் தாங்கும் கல் 17, மணிக்கு 18,000 அசைவு, அதாவது வினாடிக்கு ஐந்து டிக். செத்துப்போன ஜனதாவிலிருந்து எடுத்து உங்கள் பைலட்டுக்கு மாட்டலாம். எந்த ரிப்பேர்க்காரரும் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பார். பத்து விதமான கம்பெனியில் பத்து வாட்ச் வாங்குவதைவிட, இந்த ஒரு இயந்திரத்தை ஐந்து வாட்சில் பார்த்தால் சீக்கிரம் கற்றுக்கொள்வீர்கள்.

கையில் வாங்கியதும் காதில் வைக்காதீர்கள். முதலில் டயலைப் பாருங்கள். எழுத்து மெல்லிசாக, கூர்மையாக இருக்க வேண்டும். நிமிடக் கோடுகள் சம இடைவெளியில் இருக்க வேண்டும். எழுத்து தடித்து, ஓரம் கரைந்த மாதிரி இருந்தால் புதிதாகப் பெயின்ட் அடித்த டயல். சேகரிப்பாளர்கள் இதற்கு வைத்த பெயர் 'மும்பை ஸ்பெஷல்'. ஆரஞ்சு, கிளிப்பச்சை, மயில்கழுத்து நீலம் என்று கண்ணைப் பறிக்கும். நானும் ஆன்லைனில் 1,150 ரூபாய் கொடுத்து ஆரஞ்சு நிறப் பைலட் ஒன்றை வாங்கினேன். டிராஃபிக் போலீஸ் கோட்டு மாதிரி பளபளத்தது. பாய் அதைத் திறக்கக்கூட இல்லை. வினாடி முள்ளை எனக்குக் காட்டினார். அது பன்னிரண்டில் சரியாக நின்றது, ஆறில் கோட்டுக்கும் முள்ளுக்கும் நடுவே ஒரு நூல் இடைவெளி. "டயலை வரைஞ்சவன் டீ குடிக்கப் போயிட்டு வந்து மீதியைப் போட்டிருக்கான் தம்பி" என்றார். அதை இப்போதும் கட்டுகிறேன், பொங்கலுக்கு மட்டும்.

டயல் தேறிவிட்டால், பக்கவாட்டில் இருக்கும் சாவித் திருகை இரண்டு மூன்று சுற்று மட்டும் கொடுங்கள். ஆட்டாமல், தட்டாமல் தானாக ஓட ஆரம்பிக்க வேண்டும். குலுக்கினால்தான் ஓடுகிறது என்றால் உள்ளே எண்ணெய் காய்ந்திருக்கிறது, சர்வீஸ் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். திருகை இழுத்து முள்ளைச் சுற்றிப் பாருங்கள், வழுக்கக் கூடாது. இவ்வளவு போதும். ஃபேவர் லூபா போன்ற பழைய சுவிஸ் வாட்ச்களுக்கு இப்போது போகாதீர்கள். அவர்கள் 1865-லிருந்தே இந்தியாவில் விற்றவர்கள், நல்ல வாட்ச்தான். ஆனால் வரைந்த டயல் அதில் எச்.எம்.டி.யைவிட அதிகமாகவே கண்ணில் படுகிறது. விலையும் பெரிசு. ஒரு வருடம் போகட்டும்.

தினமும் காலையில் ஒரே நேரத்தில் சாவி கொடுங்கள். கையிலிருந்து கழற்றிவிட்டுக் கொடுக்க வேண்டும், கட்டியபடியே கொடுத்தால் திருகின் தண்டு கோணும். இறுகுகிற இடம் விரலுக்கே தெரியும், அங்கே நிறுத்திவிடுங்கள். 'வாட்டர் ரெசிஸ்டன்ட்' என்று பின்மூடியில் எழுதியிருந்தாலும் நாற்பது வருடத்துக்கு முந்தைய ரப்பரை நம்ப வேண்டாம். நம் ஊரில் தண்ணீரைவிட வியர்வைதான் எதிரி. சித்திரை, வைகாசியில் நான் தோல்வாரைக் கழற்றிவிட்டுத் துணிவாருக்கு மாறிவிடுவேன். நேற்று வரை ஒழுங்காக ஓடிய வாட்ச் திடீரென்று நாளுக்குப் பத்து நிமிடம் முந்துகிறதா? ஸ்பீக்கர் பக்கத்திலோ காந்த மூடி போட்ட செல்போன் உறை மேலேயோ வைத்திருப்பீர்கள். முடி மாதிரி மெல்லிய ஸ்பிரிங் காந்தம் ஏறி ஒட்டிக்கொள்கிறது. காந்தம் எடுக்கும் சின்னப் பெட்டி ரிப்பேர்க்காரரிடம் இருக்கும், ஒரு நிமிட வேலை.

பேட்டரியில் ஓடும் டைட்டன் குவார்ட்ஸ் வாட்ச் பற்றியும் ஒரு வார்த்தை. டாடாவும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984-இல் தொடங்கிய நிறுவனம், தொழிற்சாலை ஓசூரில். பழைய மாடல்கள் மலிவாகக் கிடைக்கின்றன. கட்டாமல் பெட்டியில் வைப்பதாக இருந்தால் பேட்டரியைக் கழற்றிவிட்டு வையுங்கள், கசிந்தால் இயந்திரமே போய்விடும்.

சரி, சுவர்க் கடிகாரத்துக்கு வருவோம். எனக்கு உயிர் இதில்தான். செட்டிநாட்டு வீடுகளில் பர்மா, மலேயா வியாபாரக் காலத்தில் வாங்கி மாட்டியவை பிரித்து விற்கப்பட்டு, நான் முதலில் சொன்ன காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்கு வருகின்றன. ஜெர்மன், ஜப்பான், அமெரிக்கச் சரக்கு எல்லாம் கலந்து கிடக்கும். மரப்பெட்டியின் பூ வேலைப்பாட்டில் மயங்காதீர்கள், பெட்டி ஒன்று இயந்திரம் ஒன்று என்று சேர்த்திருக்கலாம். பெண்டுலத்தைக் கழற்றி உள்ளே பின்தகட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். எட்டு முனை நட்சத்திரத்துக்குள் ஜே என்ற எழுத்து இருந்தால் ஜங்ஹன்ஸ். ஒன்றை ஒன்று வெட்டும் இரண்டு அம்பு இருந்தால் ஹாம்பர்க் அமெரிக்கன். இரண்டும் ஜெர்மன் கம்பெனிகள், நல்ல வேலை.

என் கடிகாரம் ஏன் நின்றது? பாயிடம் போய்ச் சொன்னபோது அவர் கேட்டது ஒரே கேள்வி. "நிக்கிறதுக்கு முன்னாடி என்ன சத்தம் வருது?" வாயால் செய்து காட்டினேன்: டிக்டாக்... டிக்டாக்... டிக்டாக். சிரித்துவிட்டார். "நொண்டுது. கடிகாரம் நல்லாத்தான் இருக்கு தம்பி, நீங்க மாட்டுனதுதான் கோணல்."

செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஃபேனை நிறுத்துங்கள், டிவியை நிறுத்துங்கள். பெண்டுலத்தை ஆட்டிவிட்டுக் கண்ணை மூடிக் கேளுங்கள். டிக்குக்கும் டாக்குக்கும் இடையிலும், டாக்குக்கும் அடுத்த டிக்குக்கும் இடையிலும் ஒரே அளவு இடைவெளி வர வேண்டும். நொண்டினால் பெட்டியின் அடிப்பகுதியை அரை விரற்கடை இடது பக்கம் தள்ளிப் பாருங்கள். நொண்டல் அதிகமானால் வலது பக்கம். பொட்டுப் பொட்டாகத் தள்ளிக்கொண்டே வந்தால் ஒரு இடத்தில் நடை சீராகும். காது அதை உடனே பிடித்துக்கொள்ளும். அந்த இடத்தில் பெட்டியின் ஓரத்தை ஒட்டிச் சுவரில் பென்சிலால் கோடு போடுங்கள். துடைக்கும்போது நகர்ந்தாலும் கோட்டுக்குக் கொண்டுவந்துவிடலாம். பாய் கோணல் என்று சொன்னாலும், என்னுடையது பார்வைக்கு நேராக இருக்கும்போதுதான் நொண்டியது, கொஞ்சம் சாய்த்தால்தான் சீராக நடந்தது. "என்னங்க, கோணலா இருக்கே" என்று வீட்டில் நேராக்கி நேராக்கி நிறுத்திக்கொண்டிருந்தார்கள். பிறகு பாய் வந்து, பெண்டுலத்தை ஆட்டிவிடும் கம்பியை ஒரு மயிரிழை வளைத்தார். அதிலிருந்து நேராகவே தொங்குகிறது. அந்த வளைப்பை முதல் தடவை நீங்களே செய்ய வேண்டாம்.

நடை சீரான பிறகுதான் நேரம் திருத்துவது. பெண்டுலத்தின் நுனியில் இருக்கும் குண்டுக்கு அடியில் ஒரு திருகு நட் இருக்கும். குண்டை ஏற்றினால் வேகம், இறக்கினால் மெதுவு. 25 சென்டிமீட்டர் நீளப் பெண்டுலத்தை 1 மில்லிமீட்டர் ஏற்றினால் நாளுக்கு ஏறக்குறைய 3 நிமிடம் முந்தும், அதனால் ஒரு தடவைக்கு அரைச் சுற்றுக்கு மேல் போகாதீர்கள். திருகிவிட்டு முழுதாக ஒரு நாள் காத்திருங்கள். நான் ஒரு நாற்பது பக்க நோட்டில் தினமும் காலை ஆறு மணிக்கு எவ்வளவு முந்தியது, பிந்தியது என்று எழுதினேன். பன்னிரண்டு நாளில் நாளுக்கு இருபது வினாடிக்குள் வந்துவிட்டது. கத்திரி வெயிலில் உலோகத் தண்டு நீண்டு சில வினாடி பிந்தும், அதற்காக நட்டைத் தொட வேண்டாம்.

மணி அடிக்கும் கடிகாரத்தில் முள்ளைப் பின்னால் சுற்றாதீர்கள். முன்னால் சுற்றும்போதும் ஒவ்வொரு அரை மணிக்கும் நிறுத்தி, அடித்து முடிக்க விடுங்கள். முள் மூன்றில் நிற்க, மணி ஐந்து அடிக்கிறதா? பெரும்பாலான கடிகாரங்களில் சின்ன முள் அழுத்தத்தில்தான் மாட்டியிருக்கும். அதை மட்டும் விரலால் ஐந்துக்குத் தள்ளுங்கள், பிறகு பெரிய முள்ளைச் சுற்றிச் சரியான நேரத்துக்கு வாருங்கள். டயலில் சாவி போடும் துவாரம் இரண்டு இருக்கும்: வலது பெரும்பாலும் ஓட்டத்துக்கு, இடது மணி அடிப்பதற்கு. இராத்திரி பன்னிரண்டு அடித்து வீட்டில் சண்டை வந்தால் இடது பக்கம் சாவி கொடுக்காமல் விடலாம்.

தேங்காய் எண்ணெய்க் கதை: மார்கழியில் பாட்டிலில் அது உறைவதைப் பார்த்திருப்பீர்கள். அச்சு ஓட்டைக்குள்ளும் அதுதான் நடக்கும். உறையாத நாளில் தூசியோடு சேர்ந்து பிசினாகும். நான் விட்ட ஒரு சொட்டைக் கழுவி எடுக்க முழு இயந்திரத்தையும் பிரித்தார் பாய், 600 ரூபாய். தையல் மிஷின் எண்ணெயும் வேண்டாம். ஸ்பிரிங் இறுகியிருக்கும்போது பின்தகட்டுத் திருகைத் தொடவே தொடாதீர்கள், விரல் கிழிந்துவிடும்.

வாங்கி வரும் வழியில் பெண்டுலம் ஆடினால் அது தொங்கும் மெல்லிய தகடு மடங்கும், அதனால் பெண்டுலத்தைக் கொக்கியிலிருந்து எடுத்துத் துண்டில் சுற்றித் தனியாகப் பையில் போடுங்கள். சாவியை மறக்காதீர்கள். இரண்டாவது கடிகாரத்தைச் சாவி இல்லாமல் வாங்கி வந்து, துவாரத்துக்குள் இருக்கும் சதுரத் தண்டுக்குப் பொருந்தும் சாவி தேடி மறுபடி காரைக்குடி போனவன் நான். பணம் கொடுப்பதற்கு முன்னால், தரப்போகிற அதே சாவியால் இரண்டு துவாரத்திலும் ஒரு சுற்று கொடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.