"இல்லை" என்று சொல்ல முன்: நூலகக் கருமபீடத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பில் நூலகங்களுக்குக் குறைவில்லை. 1925இல் தொடங்கிய பொது நூலகம் கொழும்பு 7இல் இருக்கிறது. சுதந்திர மாவத்தையில் தேசிய நூலகம், வெள்ளவத்தையில் தமிழ்ச் சங்க நூலகம். இருந்தும் தகவல் தேடி வரும் பலர் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். பெரும்பாலும் கருமபீடத்தில் முதல் ஒரு நிமிடத்திலேயே காரியம் கெட்டுவிடுகிறது.

மிகப் பெரிய தவறு, கேட்ட சொல்லுக்கு மட்டும் பதில் சொல்வது. வயதான அம்மா ஒருவர் வந்து "பழைய வீரகேசரி இருக்கா?" என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "இல்லை அம்மா, நாங்க பழசு வைக்கிறதில்லை" என்றால் பேச்சு அதோடு முடிந்தது. "எந்த வருஷத்துப் பேப்பர் அம்மா? அதில எதைப் பார்க்கணும்?" என்று கேட்டால்தான் அவர் கணவரின் மரண அறிவித்தலைத் தேடுகிறார் என்பது தெரியவரும். அப்புறம் வழி பிறக்கும். கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் காப்பகத்தில் பழைய பத்திரிகைகள் உண்டு. 2005 முதல் இயங்கும் 'நூலகம்' (noolaham.org) என்ற இணையத்தளத்திலும் பழைய தமிழ் இதழ்கள் ஏராளம். எங்கே போக வேண்டும், எந்தத் திகதியைச் சொல்லிக் கேட்க வேண்டும் என்பதை ஒரு துண்டில் எழுதிக் கையில் கொடுங்கள். வாயால் சொன்னது படியிறங்கும் முன்பே மறந்துபோகும்.

ஆனால் "எதுக்கு இது உங்களுக்கு?" என்று கேட்கக் கூடாது. அது விசாரணை போல ஒலிக்கும். நோயைப் பற்றியோ விவாகரத்தைப் பற்றியோ படிக்க வந்தவர் அந்த ஒரு கேள்வியிலேயே பின்வாங்கிவிடுவார், அதுவும் வரிசையில் நிற்கும் எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டால்.

அரச அலுவலகத் தகவல் கேட்டு வருபவரை "கச்சேரியில போய்க் கேளுங்க" என்று அனுப்புவதும் பெரிய தவறு. ஒழுங்கையைத் திருத்த ஒதுக்கிய பணம் என்ன ஆனது என்பது எந்த இறாக்கையிலும் இருக்காது, சரி. ஆனால் அதைக் கேட்டு வாங்கும் வழி 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இருக்கிறது. 2017 பெப்ரவரி 3 முதல் அது நடைமுறையில் உள்ளது. காரணம் சொல்லத் தேவையில்லை. எழுத முடியாதவர் வாயால் கேட்டால் தகவல் அலுவலரே எழுதிக்கொள்ள வேண்டும். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். இவ்வளவும் நூலக ஊழியருக்கு மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். சட்டத்துக்கு விளக்கம் சொல்வதோ வழக்கு வெல்லுமா என்று ஆரூடம் சொல்வதோ நம் வேலை இல்லை. பக்கத்தை எடுத்துக் காட்டினால் போதும்.

தமிழ் நூல்களை ஆங்கில எழுத்தில் மட்டும் பட்டியலிடுவது இன்னொரு பிழை. செல்வராஜா என்பதை ஒருவர் 'எஸ்' என்று தொடங்குவார், மற்றவர் 'சி, எச்' என்பார். புத்தகம் இறாக்கையில் இருக்கும், கணினி இல்லை என்று சொல்லும். தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் தமிழிலும் பதியுங்கள்.

அறிவித்தல்களை இன்னும் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டும் இடங்கள் உண்டு. சுவரில் ஒட்டும் தாளுக்கு அதனால் கெடுதல் இல்லை. இணையத்தில் போட்டால்தான் வில்லங்கம். பாமினியில் 'அ' என்று தெரிவது கணினிக்கு ஆங்கில 'எம்' எழுத்துத்தான். அந்த எழுத்துரு இல்லாத போனில் 'அம்மா' கூட 'எம், கே, அரைப்புள்ளி, கே, எச்' என்று வந்து நிற்கும். தேடினால் அகப்படாது. பார்வையற்றவரின் போன் அதை உரக்க வாசித்தால் வெறும் உளறல். எல்லாக் கணினிக்கும் போனுக்கும் பொதுவான யூனிகோடு முறையில் தட்டினால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. வாட்ஸ்அப்பில் சுவரொட்டியைப் படமாக மட்டும் அனுப்புவதிலும் இதே சிக்கல்தான். படம் போகட்டும், அதன் கீழே திறக்கும் நேரம், மூடும் நாள், அங்கத்தவராகக் கொண்டுவர வேண்டிய ஆவணங்கள் ஆகிய மூன்றையாவது எழுத்தாகவே போடுங்கள்.