பொத்தானின் மூன்று நிலைகள்: ஹோவர், ஃபோகஸ், அழுத்தம்

சமூக மன்றத் தமிழ் வகுப்புக்கான பதிவுப் பக்கத்தை எம்ஆர்டி ரயிலில் நின்றபடி கைப்பேசியில் திறப்பவரிடம் மவுஸ் இல்லை. தொடுதிரையில் விரலை எடுத்த பிறகும் ஹோவர் நிறம் (மவுஸ் சுட்டி மேலே வரும்போது தோன்றும் நிறம்) பொத்தானில் ஒட்டிக்கொண்டு நிற்கக்கூடும் என்பதால், அதற்கான சிஎஸ்எஸ் (பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் மொழி) விதிகளை ஹோவர் வசதியுள்ள சாதனங்களுக்கு மட்டும் பொருந்தும் மீடியா குவெரி என்ற நிபந்தனைக்குள் எழுதுங்கள். கட்டணம், கடைசி நாள் போன்ற விவரங்களை ஹோவரில் மட்டும் காட்டவே கூடாது.

அதிகம் பாழாக்கப்படுவது ஃபோகஸ் நிலைதான், அதாவது டேப் விசையால் வந்து பொத்தானில் நிற்கும் நிலை. அழகு குறைகிறது என்று அவுட்லைனை (பொத்தானைச் சுற்றித் தோன்றும் கோட்டை) நீக்கிவிட்டால், டேப் விசையால் நகர்பவருக்குத் தாம் எந்தப் பொத்தானில் இருக்கிறோம் என்பதே தெரியாது. மாறாக, ஃபோகஸ்-விசிபிள் என்ற சிஎஸ்எஸ் குறிப்பைப் பயன்படுத்தி, 2 பிக்சல் தடிமனில், 2 பிக்சல் இடைவெளி விட்டு, பின்னணியோடு குறைந்தது 3:1 வண்ண வேறுபாடுள்ள வளையத்தை வரையுங்கள். மவுஸால் பொத்தானைச் சொடுக்கும்போது அவ்வளையம் பொதுவாகத் தோன்றாது என்பதால், வடிவமைப்பாளரும் முகம் சுளிக்கமாட்டார்.

அழுத்த நிலைக்கு (ஆக்டிவ்) சற்று அடர்ந்த நிறம் போதும். சம வலிமையுள்ள விதிகளில் பின்னால் வருவதே வெல்லும் என்பதால், ஹோவர், ஃபோகஸ், ஆக்டிவ் என்ற வரிசையிலேயே எழுதுங்கள். டிவ் (பொதுவான பெட்டியாகப் பயன்படும் ஹெச்டிஎம்எல் டேக்) ஒன்றுக்குப் பொத்தான் வேடம் போட்டால் டேப், என்டர், ஸ்பேஸ் விசைகள் தாமாக வேலை செய்யா; பட்டன் டேகையே பயன்படுத்துங்கள்.