பனிக்காலத் தும்மலுக்கு உப்புநீர்

மார்கழிப் பனியில் பாயை விட்டு எழும்போதே அடுக்கடுக்காகத் தும்மல், மூக்கில் நமைச்சல், தண்ணீராய் ஒழுகல். காய்ச்சல் இல்லாமல் தினமும் இப்படி என்றால் பெரும்பாலும் ஒவ்வாமைதான். மூக்கில் ஒட்டிய தூசியைக் கழுவி எடுத்தாலே நன்றாகக் குறையும்.

250 மி.லி. தண்ணீரை ஒரு நிமிடம் தளதளவெனக் கொதிக்க வைத்து, வெதுவெதுப்பாக ஆறியதும் அரை டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவாக அயோடின் சேர்க்காத தூள் உப்பும், ஒரு சிட்டிகை சமையல் சோடாவும் கலக்குங்கள். வாஷ்பேசின் மேல் குனிந்து, தலையைப் பக்கவாட்டில் சாய்த்து, வாயால் மூச்சு விட்டபடி மேல் நாசியில் மெல்ல ஊற்றினால் கீழ் நாசி வழியே வடிந்துவிடும். சுரீரென்று எரிந்தால் உப்பு கூடியோ குறைந்தோ இருக்கிறது. குழாய்த் தண்ணீரை அப்படியே விடவே கூடாது. மூளையைத் தின்னும் அமீபா மூக்கு வழியாகத்தான் ஏறுகிறது. பிறகு இரண்டு நாசியையும் திறந்தபடியே மெதுவாகச் சிந்துங்கள். ஒன்றைப் பொத்தி அழுத்திச் சிந்தினால் நீர் காதுப்பக்கம் போய் வலிக்கும்.

தலையணை உறையை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். ஒவ்வாமையைக் கிளப்பும், கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சி பச்சைத் தண்ணீரில் சாகாது. படுக்கையறையில் கொசுவர்த்தி, சாம்பிராணிப் புகை வேண்டாம். இளைப்போ நெஞ்சில் விசில் சத்தமோ வந்தால் உடனே மருத்துவரிடம் போங்கள்.