பொதிகை மலையின் சிலிப்பர் ஆர்க்கிட்: பூக்க வைக்க வெயிலும் வேண்டும், வறட்சியும் வேண்டும்

சிலிப்பர் ஆர்க்கிட் என்றால் செருப்பின் முனை மாதிரிப் பை உள்ள பூவைத் தரும் ஆர்க்கிட், பாபியோபெடிலம் அவற்றில் ஒரு பேரினம். அதில் ஒன்றான பாபியோபெடிலம் ட்ரூரி செடியைப் புதிதாக வாங்குகிறவர்களில் நிறையப் பேர் அதைத் தங்களிடம் ஏற்கெனவே இருக்கிற மற்ற சிலிப்பர் ஆர்க்கிட்களோடு சேர்த்து நிழலில் வைத்து, எப்போதும் ஈரமாக இருக்கும்படி பார்த்துக்கொள்கிறார்கள். இலை நன்றாகத்தான் வரும், பக்கக் குருத்துகூட விடும், ஆனால் வருடக்கணக்கில் காத்திருந்தாலும் மொட்டு மட்டும் வராது. கடைசியில் "இது அடம்பிடிக்கிற செடி" என்று பெயர் வாங்கிவிடுகிறது. அது எங்கே வளர்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டால் அப்படிச் சொல்லத் தோன்றாது.

உலகத்திலேயே இது இயற்கையாக இருப்பது பொதிகை என்று நாம் சொல்லும் அகத்தியர் மலைத் தொடரில் மட்டும்தான். தமிழ்நாடும் கேரளமும் சேரும் அந்த எல்லையில், ஏறத்தாழ 1,400 முதல் 1,600 மீட்டர் உயரத்தில், மரநிழல் இல்லாத புல்வெளிச் சரிவுகளில் பாறை இடுக்கையும் புல்தூரையும் பிடித்துக்கொண்டு நிற்கிறது. வெயில் நேராகப் படும், காற்று ஓயாமல் அடிக்கும், இரண்டு பருவமழையும் கொட்டும், அப்புறம் ஜனவரிக்கு மேல் புல் காய்ந்து மஞ்சளாகும் ஒரு வறண்ட காலம் வரும். தென்னிந்தியாவில் இருக்கும் ஒரே பாபியோபெடிலம் இதுதான், இந்தியாவில் இருக்கும் இதன் சொந்தங்கள் எல்லாம் இமயமலைப் பக்கமும் வடகிழக்கிலும் இருக்கின்றன. ஆக நமக்கு வேண்டியது இவ்வளவுதான்: நல்ல வெளிச்சம், நல்ல காற்று, வளரும் காலத்தில் தாராளமாகத் தண்ணீர், வருடத்தில் சில வாரம் தண்ணீரைக் குறைத்த ஓய்வு. மற்றதெல்லாம் இதற்கு அடுத்துதான்.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், இதைத் தாண்டிப் போக வேண்டாம். 1865-ல் கர்னல் ஹீபர் ட்ரூரி இதைக் கண்டார், 1874-ல் தாவரவியலாளர் பெடோம் அவர் பெயரையே வைத்து இதை விவரித்தார். பிறகு வெகுகாலம் கண்ணில் படாமல் போய், 1972-ல் மறுபடி கண்டுபிடித்தபோது, விற்பனைக்காகப் பெயர்த்தெடுத்தே இருந்த கொஞ்சத்தையும் காலி செய்யும் நிலைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். இன்று சர்வதேச சிவப்புப் பட்டியலில் அழிவின் விளிம்பில் இருக்கும் இனம் இது. அழியும் இனங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்படிக்கையான சைட்டிஸின் முதல் இணைப்பில் பாபியோபெடிலம் பேரினம் முழுவதும் இருக்கிறது, அதனால் காட்டுச் செடியை வணிகத்துக்காக ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குக் கொண்டுபோகவே முடியாது. இந்தியாவுக்குள் வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி இதைப் பிடுங்குவது மட்டுமல்ல, உரிமம் இல்லாமல் வளர்ப்பதும் குற்றம். தமிழ்நாட்டில் இருப்பவர்கள் உரிமம் பெற்ற பிறகுதான் இதில் இறங்க வேண்டும். சிங்கப்பூர், மலேசியா, லண்டன், டொரன்டோ என்று வெளியே இருப்பவர்கள் விதையிலிருந்து ஆய்வகக் குடுவையில் முளைக்க வைத்து வளர்த்த நாற்றை, அந்த நாட்டு நர்சரியிலேயே பில்லோடும் தாள்களோடும் வாங்கலாம். எல்லை தாண்டி வரவழைப்பதாக இருந்தால் சைட்டிஸ் சான்று இல்லாமல் தொடவே வேண்டாம்.

வாங்கும்போது செடியை உற்றுப் பாருங்கள். நர்சரியில் வளர்ந்த செடி பார்க்க ஒரே சீராக இருக்கும், வேர் சட்டிக்குள்ளேயே வளர்ந்து சுற்றியிருக்கும். இலையில் பழைய பூச்சிக்கடி, பாசி படிந்த தழும்பு, வெட்டுப்பட்ட தடித்த கிழங்குத் தண்டு, புதிதாகச் சட்டியில் செருகிய மாதிரி ஆடும் அடி, இதெல்லாம் சேர்ந்து இருந்தால் அது மலையிலிருந்து வந்திருக்கலாம், விட்டுவிடுங்கள். குடுவையில் இருந்து இப்போதுதான் எடுத்த குட்டி நாற்று விலை குறைவு, ஆனால் பூக்க நான்கைந்து வருடமாவது ஆகும், நடுவில் சிலது அழுகியும் போகும். முதல்தடவை வளர்ப்பவர் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து, இரண்டு மூன்று குருத்து உள்ள வளர்ந்த செடியாக வாங்குவது நல்லது.

வெளிச்சத்துக்கு வருவோம். பாபியோபெடிலத்துக்கு நிழல்தான் என்று படித்ததை இங்கே மறந்துவிடுங்கள். கிழக்கு ஜன்னலில் காலை வெயில் இரண்டு மூன்று மணி நேரம் நேராகப் படட்டும். மதிய வெயில் வேண்டாம், அதற்கு மெல்லிய நிழல்வலை போடுங்கள். மலையில் முழு வெயிலைத் தாங்குகிறதே என்று கேட்கலாம், அங்கே காற்று குளிர்ந்திருக்கிறது, மேகம் வந்து வந்து மூடுகிறது, கண்ணாடிக்குப் பின்னால் அந்த வசதி கிடையாது. கைப்பேசியில் வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளக்கும் செயலி ஒன்றைப் போட்டு இலை மட்டத்தில் பாருங்கள், பகலின் பெரும்பகுதி 20,000 லக்ஸ் பக்கம் இருந்தால் போதும். எல்இடி விளக்கில் வளர்ப்பவர்கள் கோடையில் பன்னிரண்டு மணி நேரம், குளிரில் பத்து மணி நேரம் என்று மாற்றிக்கொள்ளுங்கள். இதையெல்லாம் விட இலையே சரியாகச் சொல்லும்: இளம்பச்சையாக, விறைப்பாக, கொஞ்சம் குட்டையாக இருந்தால் வெளிச்சம் சரி, கரும்பச்சையாக நீண்டு தொங்கினால் போதவில்லை. உச்சி நேரத்தில் இலையைத் தொட்டுப் பாருங்கள், சுட்டால் உடனே நகர்த்துங்கள்.

வெப்பம் பற்றி மழுப்பாமல் சொல்கிறேன். பகலில் 22 முதல் 28 டிகிரி, இரவில் 14 முதல் 18 டிகிரி இருந்தால் செடி சந்தோஷமாக இருக்கும். பகலில் அவ்வப்போது 32 வரை போனாலும் இரவு இறங்கினால் தாங்கிக்கொள்ளும். இரவிலும் இறங்காத சூடுதான் இதைக் கொல்கிறது. அதனால் சென்னை, சிங்கப்பூர் போன்ற இடங்களில் திறந்த பால்கனியில் இதை வளர்க்க நான் யாருக்கும் சொல்ல மாட்டேன், இரவில் ஏசி ஓடும் அறை இருந்தால் மட்டும் யோசிக்கலாம். ஏற்காடு கிட்டத்தட்ட இதன் சொந்த உயரம், மலேசியாவில் கேமரன் மலையும் அப்படித்தான். குளிர் நாடுகளில் வீட்டுக்குள் ஹீட்டர் இல்லாத ஜன்னல் ஓரம் அருமையான இடம், குளிரில் இரவு 12 டிகிரி வரை போனாலும் அடி காய்ந்திருந்தால் ஒன்றும் ஆகாது.

சட்டி. இங்கேதான் இந்தச் செடி மற்ற சிலிப்பர் ஆர்க்கிட்களிலிருந்து தனியாகத் தெரியும். மற்றவை குருத்துகளை நெருக்கமாக விடும், இது தரையோடு ஊர்ந்துபோகும் கிழங்குத் தண்டில் நாலைந்து விரல் தள்ளிகூடப் புதுக் குருத்தை விடும், அதுவும் ஒவ்வொன்றும் முந்தையதைவிடச் சற்று மேலே ஏறிவிடும். ஆழமான சிறிய சட்டியில் வைத்தால் ஒரு வருடத்தில் புதுக் குருத்து விளிம்பைத் தாண்டி அந்தரத்தில் நிற்கும், அதன் வேர் காற்றில் நீண்டு காய்ந்துபோகும். ஆகவே அகலமான, ஆழம் குறைந்த மண்சட்டி அல்லது கூடைச்சட்டி எடுத்துக்கொள்ளுங்கள். பழைய குருத்தை ஒரு ஓரத்தில் தள்ளி, வளரும் முனை நடுவைப் பார்க்கும்படி நடுங்கள். முனை மேலே ஏற ஆரம்பித்தால் அதன் அடியில் கொஞ்சம் ஈரமான ஸ்பாக்னம் பாசியை (நர்சரியில் கிடைக்கும் உலர்பாசி) சேர்த்து அணைத்துவிடுங்கள், வேர் அதற்குள் இறங்கிவிடும். செடியையே லேசாகச் சாய்த்து நடுகிறவர்களும் உண்டு, அதுவும் நல்ல வழி.

கலவையில் நடுத்தர மரப்பட்டைத் துண்டு நான்கு பங்கு, பெர்லைட் அல்லது பியூமிஸ் என்கிற எடை குறைந்த நுண்துளைக் கல் இரண்டு பங்கு, கரித்துண்டு ஒரு பங்கு. தண்ணீர் ஊற்றினால் நிற்காமல் ஓட வேண்டும், அதே சமயம் மறுநாளும் உள்ளே ஈரம் தெரிய வேண்டும். சுண்ணாம்புக்கல் போடச் சொல்லும் குறிப்புகள் வேறு சிலிப்பர் ஆர்க்கிட்களுக்கு உரியவை. இது சுண்ணாம்புப் பாறையில் வளரும் இனம் அல்ல, கை நிறையப் போடாதீர்கள். பட்டை மட்கிப் பொடியாகிவிட்டால் காற்று போகாது, வேர் கறுத்துவிடும், எனவே ஒன்றரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கலவையை மாற்றிவிடுங்கள். புது வேர் வர ஆரம்பிக்கும் நேரம் பார்த்து மாற்றினால் செடி சுணங்காது.

தண்ணீர்: மழைநீர் இருந்தால் அதற்கு ஈடு இல்லை. இல்லாவிட்டால் ஆர்ஓ தண்ணீர். உப்பு ஏறிய போர் தண்ணீர் இலை நுனியைக் கருக்கிவிடும். வளரும் மாதங்களில் மேல்பட்டை காய்ந்ததும் சட்டி முழுக்க நனையும்படி காலையில் ஊற்றுங்கள், இரவுக்குள் இலைக்கூட்டின் நடுவில் தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், தேங்கினால் டிஷ்யூ தாளால் ஒற்றி எடுங்கள். உரம் பாக்கெட்டில் போட்டிருப்பதில் கால் பங்கு போதும், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, நடுவில் வெறும் தண்ணீரால் அலசிவிட வேண்டும். சின்ன மின்விசிறி ஒன்று மெதுவாக ஓடிக்கொண்டே இருக்கட்டும், நான் இதற்குச் செலவு செய்யச் சொல்லும் ஒரே கருவி அதுதான்.

அப்புறம் ஓய்வு. புதுக் குருத்து முழு அளவுக்கு வந்த பிறகு, பெரும்பாலும் டிசம்பரிலிருந்து, ஐந்தாறு வாரம் உரத்தை நிறுத்தித் தண்ணீரைப் பாதியாகக் குறையுங்கள். சட்டியை எடுத்தால் லேசாக இருக்க வேண்டும், ஆனால் இலை சுருங்கக் கூடாது. மலையில் வறண்ட காலத்திலும் பனியும் மூடுபனியும் செடியை நனைத்துக்கொண்டுதான் இருக்கும், அதற்குப் பதிலாக விடிகாலையில் மேலாக ஒரு தெளிப்பு கொடுங்கள். இந்த வாரங்களில் வெளிச்சத்தைக் குறைக்காதீர்கள், முடிந்தால் இன்னும் கூட்டுங்கள், இரவு குளிரட்டும். குருத்தின் நடுவில் மொட்டை மூடிய தட்டையான ஒரு உறை எட்டிப் பார்த்ததும் பழையபடி தண்ணீர் கொடுக்கத் தொடங்கலாம். மொட்டு எழும்பும்போது சட்டியைத் திருப்பிக்கொண்டே இருந்தால் தண்டு முறுக்கிக்கொள்ளும், ஒரே திசையில் விட்டுவிடுங்கள்.

இலை அடியில் நீர் கோத்த மாதிரி பழுப்புத் திட்டு வந்து நாளுக்கு நாள் பரவினால் அது பாக்டீரியா அழுகல். தாமதிக்காமல் நல்ல பச்சைப் பகுதி வரை வெட்டி எடுங்கள், கத்தியை நெருப்பில் காட்டிய பிறகு வெட்டுங்கள், வெட்டுவாயில் சமையலுக்குப் போடும் லவங்கப்பட்டைப் பொடி தூவி, சில நாள் தண்ணீர் காட்டாமல் காற்றில் வையுங்கள். வேரில் இந்தப் பொடி படக் கூடாது, வேரையும் காய்ச்சிவிடும். மாவுப்பூச்சிக்கு ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தால் போதும்.

தண்டுக்கு ஒரே பூதான் வரும். மஞ்சள் இதழ்கள், மேலிதழிலும் பக்க இதழ்களிலும் நடுவாக ஓடும் அடர்பழுப்புக் கோடு, கீழே தேன் நிறப் பை. ஒரு மாதத்துக்கு மேல் நிற்கும். பூத்த குருத்து மறுபடி பூக்காது, அதற்காக வெட்டிவிடாதீர்கள், அடுத்த குருத்துக்குச் சோறு அதிலிருந்துதான் போகிறது. பிரிப்பதாக இருந்தால் ஒவ்வொரு பகுதியிலும் மூன்று குருத்தாவது இருக்கட்டும்.

நண்பரிடம் வேறு விதைவழியில் வந்த ட்ரூரி பூத்திருந்தால் ஒன்றின் மகரந்தத்தை மற்றதில் சேர்த்து விதை பிடிக்க வைத்துக் கட்டாயம் பாருங்கள். பையை மெதுவாக அறுத்து எடுத்தால், நடுத்தூணின் இரு பக்கமும் பிசுபிசுப்பான மகரந்தம் தெரியும், பல்குச்சியால் எடுத்து மற்ற பூவின் சூலகமுடியில், அதாவது தூணின் அடிப்பக்கத்தில் கீழ்நோக்கி இருக்கும் வழுவழுப்பான தட்டில், அழுத்தித் தேயுங்கள். காய் முற்றப் பல மாதம் பிடிக்கும். விதை தூசி மாதிரி இருக்கும், அதில் உணவே கிடையாது என்பதால் சட்டியில் தூவி முளைக்க வைக்க முடியாது, காய் வெடிப்பதற்கு முன்பே ஆர்க்கிட் விதை முளைக்க வைக்கும் ஆய்வகத்துக்கு அனுப்பிவிட வேண்டும். வேறு இனத்தோடு கலக்காதீர்கள், கலப்பினம் ஏற்கெனவே எவ்வளவோ இருக்கிறது. தாய் எது, தந்தை எது, எந்தத் தேதியில் சேர்த்தீர்கள் என்பதைப் பென்சிலால் அட்டையில் எழுதிக் காயோடு கட்டிவிடுங்கள், மை கலைந்துவிடும்.