ஆத்தங்குடித் தரையின் சிவப்பு சுவரில் ஏறினால்: படத்தின் நிறத்தைச் சரிசெய்வது

காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கத்துப் பழைய வீடுகளுக்குள் எடுத்த படங்களில் வெள்ளைச் சுவர் லேசாகச் சிவந்து நிற்கும். கேமராவில் கோளாறில்லை. வளவில், அதாவது வீட்டின் நடு முற்றத்தில், விழும் வெயில் தரையிலுள்ள ஆத்தங்குடிக் கல்லில் பட்டுச் சிவப்பாகத் திரும்பிச் சுவரில் ஏறுகிறது. வெயில் படாத மூலையோ வானத்தின் வெளிச்சத்தை மட்டும் வாங்கி நீலம் பாய்ந்திருக்கும்.

திரையை மஞ்சளாக்கும் நைட் லைட் ஓடினால் முதலில் அதை அணையுங்கள். பிறகு கண்ணை நம்பாமல் நிறத்தின் எண்களைப் பாருங்கள். படம் திருத்தும் இலவச மென்பொருளான கிம்ப்பில் நிறத்தின் எண்களைக் காட்டும் கலர் பிக்கரை எடுத்து, சுற்றியுள்ள புள்ளிகளின் சராசரியைத் தரும் சாம்பிள் ஆவரேஜை இயக்கி, சாம்பல் நிறமாக இருக்கவேண்டிய இடத்தைச் சொடுக்குங்கள். சிவப்பு 186, பச்சை 174, நீலம் 158 என்று வந்தால் படம் மஞ்சளும் சிவப்புமாகச் சாய்ந்திருக்கிறது. மூன்றும் ஏறத்தாழ ஒன்றாக வரவேண்டும்.

அதற்குக் கலர்ஸ் மெனுவில் லெவல்ஸைத் திறந்து, மூன்று சொட்டுக்குழாய்களில் நடுவிலுள்ளதை எடுத்து அதே இடத்தில் சொடுக்கினால் போதும். ஆனால் எந்த இடம் என்பதில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்து இழைத்த சுவருக்கே இளமஞ்சள் சாயல் உண்டு. அதைச் சொடுக்கினால் படம் முழுக்க நீலமாகும். நீலம் போட்டு வெளுத்த வேட்டியைச் சொடுக்கினால் நேர்மாறு, எல்லாம் மஞ்சள். வெயிலில் வெளுத்து மூன்றும் உச்ச எண்ணான 255 ஆகிவிட்ட இடத்தால் பயனே இல்லை. கருங்கல் தூண் ஓரளவு உதவும். படமெடுக்கும்போதே சாம்பல் அட்டை ஒன்றை அதே வெளிச்சத்தில் பிடித்துத் தனியாக ஒரு படம் எடுத்துவைத்தால் இந்தத் தேடலே வேண்டாம்.

வளவின் பகல் வெளிச்சமும் உள்ளறையின் மஞ்சள் பல்பும் ஒரே படத்தில் இருந்தால் ஒரே சொடுக்கில் தீராது. படத்தின் அடுக்கான லேயரை நகலெடுங்கள். கீழேயுள்ளதைப் பல்புக்கும் மேலேயுள்ளதைப் பகலுக்கும் திருத்துங்கள். மேல் லேயருக்கு வெள்ளை மாஸ்க் (கறுப்பு தடவிய இடத்தில் அந்த லேயரை மறைக்கும் திரை) போட்டு, பல்பு வெளிச்சம் விழும் பகுதியில் மட்டும் மென்மையான கறுப்பு பிரஷ்ஷால் தடவுங்கள். ஓரம் தெரிந்தால் பிரஷ்ஷைப் பெரிதாக்கி, அதன் அடர்த்தியான ஒபாசிட்டியை 20 சதவீதத்துக்குக் குறைத்துச் சிறுகச் சிறுகத் தடவவேண்டும். பல்பின் மஞ்சளை முழுதும் துடைத்துவிடாதீர்கள். கொஞ்சம் இருந்தால்தான் அறை அறையாகத் தெரியும்.

மலிவான எல்இடி விளக்கென்றால் பச்சை தட்டும். கலர்ஸ் மெனுவிலுள்ள கலர் பாலன்ஸில் மிட்டோன்ஸை (நடுத்தர வெளிச்சப் பகுதிகளை) வைத்துக்கொண்டு மெஜந்தா பக்கம் 5 முதல் 10 வரை நகர்த்திப் பாருங்கள்.

இத்தனையும் ஜேபெக்கில் செய்தால் ஓரளவுக்குமேல் நிழல்களில் நீலப் புள்ளிகள் வெடிக்கும். கேமரா பதப்படுத்தாமல் பதிந்த ரா கோப்பு இருந்தால், அதைத் திருத்தும் மென்பொருளான டார்க்டேபிளில் வெளிச்சத்தின் நிற வெப்பநிலையை நிழலுக்கு 7000 கெல்வின், பழைய குண்டு பல்புக்கு 2800 என்று தொடங்கி நகர்த்தலாம்.

ஜன்னலின் வண்ணக் கண்ணாடி தரையில் போடும் பச்சை, நீலக் கட்டங்களை இவற்றில் எதிலும் சேர்க்காதீர்கள். அவை அங்கே உண்மையிலேயே விழுந்த நிறங்கள்.