பழைய தோட்டத்து வீட்டைக் கலைஞர்கள் தங்கும் இடமாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொங்குப் பகுதியிலும் காவிரிக் கரையிலும் பூட்டிக் கிடக்கும் ஓட்டு வீடுகளைப் புதுப்பித்து, எழுதுபவர்களும் வரைபவர்களும் வந்து தங்கும் இடமாக்கப் பலர் ஆசைப்படுகிறார்கள். நல்ல ஆசை. ஆனால் ஆளில்லாமல் கிடந்தபோதும் தாக்குப்பிடித்த வீடுகள் பல, புதுப்பிக்கும்போதுதான் கெட்டுப்போகின்றன.

முதல் காரணம் சிமெண்ட். மண்ணும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய பழைய சுவர்களுக்கு அடியில் பெரும்பாலும் ஈரத்தடுப்பு இருக்காது. தரையிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியாக ஆவியாகிப் போய்விடும். மேலே சிமெண்ட் பூசிவிட்டால் அதற்குப் போக்கிடம் இல்லை. சில மழைக்காலம் கழித்துப் பாருங்கள்: சுவரில் உப்பு பூத்திருக்கும், விரலால் தட்டினால் பொத்தென்று கேட்கும். பிறகு பூச்சு பாளம் பாளமாகக் கழன்று, பழைய மண்ணையும் பிடுங்கிக்கொண்டு விழும். பிளாஸ்டிக் பெயிண்டும் இதே கேட்டைத்தான் செய்யும். “சிமெண்ட்தாங்க ஸ்ட்ராங்கு” என்று கொத்தனார் சொன்னாலும் தலையாட்டாதீர்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்தவர்கள் செட்டிநாட்டுப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள், தேடிப் பிடியுங்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டுக் குழைத்த காரை, காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கி மெல்லத்தான் இறுகும். சித்திரை வெயிலில் பூசி அப்படியே விட்டால் வெடித்துவிடும். ஈரச் சாக்கு போட்டு நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். திறப்பு விழாவுக்கு முதலிலேயே தேதி குறித்துவிட்டால் இந்த வேலை உருப்படாது.

கூரையை மொத்தமாகப் பிரிப்பதற்கு முன் ஒரு ஐப்பசி, கார்த்திகை மழையைப் பார்த்துவிடுங்கள். ஆபத்தான இடத்துக்குத் தார்ப்பாய் போட்டால் போதும். எங்கே ஒழுகுகிறது, தண்ணீர் எந்தப் பக்கம் தேங்குகிறது என்பதை அடைமழை காட்டிவிடும். ஓடுகளைத் தாங்கும் சாய்வுக் கட்டையான கைமரம் சுவரில் செருகியிருக்கும் முனையை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். முனை மட்டும் கரையான் அரித்திருந்தால் அதை வெட்டிவிட்டு ஒட்டுப் போட ஆசாரியால் முடியும். அதற்காக முழுத் தேக்கையும் கழித்துக்கட்டுவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. சுவரில் முளைத்த அரசங்கன்றைக் கையால் இழுக்காதீர்கள், சுவரும் சேர்ந்து வரும். மேலாக வெட்டினாலும் மறுபடி துளிர்க்கும். வேர் இருக்கும் இடத்தைப் பிரித்து எடுத்துவிட்டுக் காரையால் அடைக்க வேண்டும்.

ஃபால்ஸ் சீலிங் வேண்டாம். ஒழுகலை மறைக்கும், எலி குடியேறும்.

வருபவர்கள் வேலை செய்ய வருகிறார்கள் என்பதும் பலருக்கு மறந்துவிடுகிறது. நீச்சல் குளத்துக்குச் செலவழிப்பார்கள், எழுத ஒரு நல்ல மேசை இருக்காது. வரைபவர்களுக்கு நேர் வெயில் அதிகம் படாத வடக்குப் பார்த்த ஜன்னல் வேண்டும். பம்பு செட்டை ஒட்டிய அறையை எழுதுபவருக்குக் கொடுக்காதீர்கள். திண்ணைக்குக் கிரில் போட்டு அடைப்பதுதான் எனக்கு ரொம்ப வருத்தம் தருவது. ஊர்க்காரர் வந்து உட்கார்ந்து பேசும் இடம் அது, வெளியூரிலிருந்து வரும் கலைஞருக்கு வேறெங்கே அது கிடைக்கும்?

இதற்கெல்லாம் முன்னால் பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் பாருங்கள். கூட்டுப் பட்டா என்றால் பங்காளிகளிடம் பேசி, பாகம் பிரித்துப் பதிவு செய்த பிறகே கொத்தனாருக்கு முன்பணம் கொடுங்கள்.